அமிலாய்டை அகற்றும் மருந்து: மார்சிலிங் மூத்தோருக்கு எட்டுமா?

மூளையில் படியும் அமிலாய்டு எனும் புரதத்தை அகற்றும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி பெற்று வருகின்றன. லெக்கனமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023 ஜூலையில் முழு அனுமதி வழங்கியது. ஓராண்டில் டொனனமாப் வந்தது. முதலில் மறுத்த ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஏப்ரலில் கட்டுப்பாடுகளுடன் லெக்கனமாப்புக்கு இசைவு தந்தது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், மறதிநோயால் பாதிக்கப்பட்ட பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: “நம்ம அம்மாவுக்குக் கொடுக்க முடியுமா?”

அதற்கான பதில் மருந்தின் ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. அம்மாவை மருத்துவரிடம் எப்போது அழைத்துச் சென்றோம் என்பதையும் பொறுத்தது. நோயின் தொடக்க நிலையில் இருப்போருக்கே இந்த மருந்துகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. மார்சிலிங் போன்ற பழைய குடியிருப்பு வட்டாரங்களில் வாழும் தமிழ் மூத்தோரைப் பொறுத்தவரை, சிக்கல் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

அமிலாய்டு என்ன செய்கிறது?

மூளை நரம்பணுக்களின் மேலுறையில் ஒரு பெரிய புரதம் இயல்பாகவே இருக்கிறது. சில நொதிகள் அதைத் துண்டுகளாக வெட்டுகின்றன. அப்படி உருவாகும் ஒரு சிறு துண்டுதான் பீட்டா அமிலாய்டு. எல்லாருடைய மூளையிலும் அது உருவாகிறது; உருவான வேகத்திலேயே அகற்றவும்படுகிறது.

உருவாவது கூடினாலோ அகற்றுவது குறைந்தாலோ துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். 42 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுக்கு ஒட்டும் தன்மை அதிகம். முதலில் சிறு திரள்களாகவும், பின்னர் நார்களாகவும், இறுதியில் நரம்பணுக்களுக்கு இடையே கட்டிப் படிவங்களாகவும் அவை மாறுகின்றன. சிறு திரள்கள் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளைப் பாதிக்கின்றன. மூளையின் தற்காப்பு அணுக்கள் தூண்டப்பட்டு அழற்சி ஏற்படுகிறது. அதையொட்டி, நரம்பணுவுக்கு உள்ளே டாவ் எனும் மற்றொரு புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. நினைவாற்றல் குறைவதோடு நெருங்கிய தொடர்பு இந்த டாவ் சிக்கலுக்கே அதிகம்.

ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டு தம் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவில் இந்தப் படிவங்களையும் சிக்கல்களையும் கண்டு உலகுக்குச் சொன்னார். படிவங்களில் இருக்கும் புரதம் எது என்பது 1984இல்தான் தெரிய வந்தது. 1992இல், அமிலாய்டே நோயின் தொடக்கப் புள்ளி என்ற கருதுகோளை விஞ்ஞானிகள் முன்வைத்தனர்.

குடும்பங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் மறதி வெளியே தெரிவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. 75 வயதில் வழி மறந்து நிற்பவரின் மூளையில் மாற்றம் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஐம்பதுகளிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

27 விழுக்காடு என்றால் எவ்வளவு?

லெக்கனமாப் நோயின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது என்பதே பரவலாகப் பேசப்படும் தகவல். அந்த எண்ணைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ 1,800 பேரிடம் 18 மாதங்கள் நடந்த சோதனை அது. நினைவாற்றலையும் அன்றாடச் செயல்களையும் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிட்டார்கள். மருந்து பெறாதவர்களின் நிலை 1.66 புள்ளிகள் மோசமானது. மருந்து பெற்றவர்களுடையது 1.21 புள்ளிகள். இடைவெளி 0.45 புள்ளி. அதாவது, இரு தரப்பினரின் நிலையும் சரிந்தது. மருந்து பெற்றவர்களுடையது சற்று மெதுவாகச் சரிந்தது. போன நினைவு யாருக்கும் திரும்பவில்லை.

அந்தச் சில மாத நிதானத்துக்கும் மதிப்பு உண்டு. பேத்தியின் திருமணத்தைத் தெளிவோடு பார்க்க விரும்பும் ஒருவருக்கு அது பெரிது. ஆனால், அதற்கான விலையும் பெரிது. அந்தச் சோதனையில் லெக்கனமாப் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 அமெரிக்க டாலர். ஊடுகதிர்ப் படங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவு தனி.

பக்க விளைவும் உண்டு. சோதனையில் மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளையில் வீக்கம் தென்பட்டது. சிலருக்கு நுண்ணிய ரத்தக்கசிவு ஏற்பட்டது. பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதும் இல்லாமலேயே அது தணிந்தாலும், உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. ஏபிஓஇ4 எனும் மரபணுவின் இரண்டு பிரதிகளைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். அவர்களுக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வோருக்கும் ஐரோப்பாவில் இந்த மருந்து கொடுக்கப்படுவதில்லை. இதயநோய் பரவலாக உள்ள ஒரு சமூகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு சிறியதன்று.

அமிலாய்டு ஆய்வுத் துறையிலும் சறுக்கல்கள் நேர்ந்துள்ளன. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடுகனுமாப் மருந்தின் விற்பனையை நிறுத்தப்போவதாக 2024இல் அதன் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவமே மறதிக்குக் காரணம் என்று 2006இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்து பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024 ஜூனில் மீட்டுக்கொள்ளப்பட்டது. இவற்றால் அமிலாய்டு பற்றிய அறிவு முழுவதும் பொய்யாகிவிடவில்லை. ஆனால், அமிலாய்டை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு மங்கிவிட்டது.

பாதிப்பேருக்கு நோய் இருப்பதே தெரியாது

மனநலக் கழகம் தலைமையில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியோரில் 8.8 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 74,000 பேருக்கு, மறதிநோய் இருந்தது. 2013இல் இந்த விகிதம் 10 விழுக்காடு. மூத்தோரிடையே கல்வித் தகுதி உயர்ந்ததும் நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சை மேம்பட்டதும் இந்தச் சரிவுக்கு உதவியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அதே ஆய்வில் மற்றோர் எண்ணும் உண்டு. மறதிநோய் இருந்தும் அது கண்டறியப்படாதவர்களின் விகிதம் 2013இல் 70.6 விழுக்காடாக இருந்தது, 2023இல் 51.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. பத்தாண்டுகளில் நல்ல முன்னேற்றம்தான். ஆயினும், நோயுடன் வாழும் இருவரில் ஒருவருக்கு இன்னமும் நோயின் பெயரே தெரியாது.

அமிலாய்டு மருந்துகளின் வரம்பை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இலேசான நினைவாற்றல் குறைபாடு அல்லது நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமே அந்த மருந்துக்குத் தகுதி பெறுகிறார்கள். மூளையில் அமிலாய்டு இருப்பதையும் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்த வேண்டும். பெயரே தெரியாத நோயுடன் வாழ்பவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அவர் மருத்துவரிடம் வந்து சேரும்போது, காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும்.

“வயசானா மறதி வரத்தானே செய்யும்” என்ற ஒற்றை வாக்கியம் இந்தக் காலதாமதத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமையின் மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வைத்ததே நினைவில் இல்லாமல் போவதும், ஒரே கேள்வியைக் கால்மணி நேரத்தில் நான்கு முறை கேட்பதும், இருபது ஆண்டுகளாகச் செய்துவந்த குழம்பின் பக்குவம் திடீரென்று கைவிட்டுப் போவதும் வேறு.

குடும்ப அமைப்பும் சில நேரங்களில் நோயை மறைத்துவிடுகிறது. சமையலை மருமகள் பார்த்துக்கொள்கிறார்; வங்கிக் கணக்கை மகன் கவனிக்கிறார்; மருந்துகளை இல்லப் பணிப்பெண் எடுத்துத் தருகிறார். பாட்டி தானாகச் செய்யவேண்டியது எதுவும் இல்லாதபோது, அவரால் எதைச் செய்ய முடியவில்லை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

சர்க்கரையும் ரத்தக்குழாயும்

இந்தியச் சமூகத்துக்கு இந்த விவகாரத்தில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு.

நீரிழிவுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பல வழிகளில் அமைகிறது. இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஒன்றே பீட்டா அமிலாய்டையும் சிதைக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் அளவு நெடுங்காலம் உயர்ந்திருந்தால், அமிலாய்டை அப்புறப்படுத்தும் பணி பின்தங்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் தடிக்கச் செய்கின்றன. அமிலாய்டு வெளியேறும் பாதை அந்தக் குழாய்களை ஒட்டியே செல்கிறது.

இதை விளக்கும் ஆய்வு ஒன்று சிங்கப்பூரிலேயே நடந்துள்ளது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் நரம்பியல் நிபுணர் நாகேந்திரன் கந்தையா தலைமையிலான குழு, பல இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,000 சிங்கப்பூர்வாசிகளின் மூளைப் படங்களை ஆராய்ந்தது. ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகள் மூளையின் கழிவுநீர்க் கால்வாய்கள் போன்றவை. இலேசான நினைவாற்றல் குறைபாடு உள்ளவர்களிடம் அந்தக் கால்வாய்கள் அடைபட்டு விரிந்திருப்பது கூடுதலாகக் காணப்பட்டதாக 2025இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. வழக்கமான மூளை ஸ்கேனிலேயே இதைக் காண முடியும் என்பது அதன் நடைமுறைப் பயன்.

ஆசியர்களிடம் அமிலாய்டு படிவதும் ரத்தக்குழாய் பாதிப்பும் ஒருசேரக் காணப்படுவது வழக்கம். அமிலாய்டை மட்டும் அகற்றும் மருந்து, அத்தகைய மூளையில் பாதிச் சிக்கலையே தொடுகிறது. மீதிப் பாதிக்கான மருந்துகள் பல ஆண்டுகளாகவே பலதுறை மருந்தகங்களில் கிடைக்கின்றன: ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு. 

‘லேன்செட்’ மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளைக் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், மது, உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு காது கேளாமை, பார்வைக் குறைபாடு, தனிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. செவிப்புலன் கருவியை மேசை அறைக்குள் போட்டு வைத்திருக்கும் தாத்தாவுக்கு அதை எடுத்து மாட்டிவிடுவதும் மூளைக்கான சிகிச்சையே.

எந்த மொழியில் சோதிப்பது?

கண்டறிவதில் மொழிக்கும் பங்குண்டு. நினைவாற்றலைச் சோதிக்கும் வழக்கமான கேள்வித்தாள்கள் பல, ஆங்கிலத்தில் பள்ளிக்கல்வி பெற்றவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. இன்று எண்பதை நெருங்கும் தமிழ் மூத்தோர் பலர் குறைந்த காலமே பள்ளிக்குச் சென்றவர்கள். வீட்டில் தமிழும் வேலையிடத்தில் மலாயும் பேசி வாழ்ந்தவர்கள். மொழிபெயர்ப்பின் வழியாகச் சோதிக்கப்படும்போது, தெரிந்ததைச் சொல்ல முடியாமல் மதிப்பெண் குறைவதும் உண்டு. துணைக்கு வந்த மகள் எடுத்துக்கொடுப்பதால் மதிப்பெண் கூடுவதும் உண்டு.

இந்தச் சிக்கலுக்கும் உள்ளூரிலேயே ஒரு தீர்வு பிறந்திருக்கிறது. நாகேந்திரன் கந்தையா தேசிய நரம்பியல் கழகத்தில் பணியாற்றியபோது, சொற்களைச் சாராமல் படங்களைக் கொண்டு நினைவாற்றலைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். விசிஏடி எனப்படும் அந்தச் சோதனை தென்கிழக்காசிய நாடுகளிலும் ஆராயப்பட்டுள்ளது. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒருவர், மற்றவர்களுக்கு இணையாகத் தம் திறனைக் காட்ட அது வாய்ப்பளிக்கிறது. தமிழில் பேசக்கூடிய மருத்துவ ஊழியரோ மொழி சாராத சோதனையோ உண்டா என்று கேட்பது குடும்பத்தினரின் உரிமை.

நோய் முற்றும்போது மொழி மீண்டும் முன்னுக்கு வருகிறது. பின்னாளில் கற்ற மொழி முதலில் மங்கி, தாய்மொழி கடைசிவரை தங்குவது பலரிடம் காணப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் அண்டை வீட்டாரிடம் மலாய் பேசியவர் தமிழுக்குள் ஒடுங்கிவிடலாம். அப்போது அவருடன் பகல் முழுவதும் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்பது பராமரிப்பின் தரத்தையே தீர்மானிக்கும்.

வீடு மாறும் மார்சிலிங்

மார்சிலிங்குக்கு இந்தப் பேச்சு இப்போது கூடுதல் அவசரம் உடையது. உட்லண்ட்ஸ் நகரின் மிகப் பழைய வீவக குடியிருப்புகள் இங்குள்ளவை, 1970களில் எழுந்தவை. வீட்டுக்குக் கீழே கடை, நடக்கும் தூரத்தில் உணவங்காடி நிலையம், மார்சிலிங் ரைசில் ஸ்ரீ சிவ கிருஷ்ணா கோயில் எனப் பழகிய வட்டத்துக்குள் முதுமையைக் கழிப்போர் பலர்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி விரிவாக்கத்துக்காக மார்சிலிங் கிரசென்ட், மார்சிலிங் லேன் ஆகியவற்றில் 210 முதல் 218 வரையிலான 9 புளோக்குகள் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 732 வீடுகள் அவற்றில் அடங்கும். மாற்று வீடுகள் உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 13இல் கட்டப்படுகின்றன. அதே நகரத்துக்குள், புதிய குத்தகையுடன் புதிய வீடு என்பது குடும்பங்களுக்கு நல்ல செய்திதான்.

ஆனால், தொடக்கநிலை மறதிநோய் உள்ளவருக்குப் பழகிய வீடு ஓர் ஊன்றுகோல். எந்த மின்தூக்கி, எத்தனையாவது கதவு, எந்தத் திருப்பத்தில் கடை என்பதையெல்லாம் அவர் யோசித்துச் செய்வதில்லை. கால்கள் தாமாகவே செல்கின்றன. இடம் மாறும்போது அந்த ஊன்றுகோல் நழுவுகிறது. அதுவரை ஒளிந்திருந்த குறைபாடு ஒரே மாதத்தில் வெளிப்படும்போது, “வீடு மாறியதால்தான் இப்படி ஆகிவிட்டார்” என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். பெரும்பாலும் நோய் பழையது. வெளிச்சத்துக்கு வந்ததுதான் புதிது.

ஆகவே, வீடு மாறப்போகும் குடும்பங்கள் மூத்தவரின் நினைவாற்றலைச் சாவி வாங்குவதற்கு முன்பே பரிசோதித்துவிடுவது நல்லது. புதிய வட்டாரத்துக்கு அவரை முன்கூட்டியே பலமுறை அழைத்துச் செல்லலாம். பழைய நாற்காலி, சாமிப்படம், சுவர்க் கடிகாரம் ஆகியவற்றைப் பழைய வரிசையிலேயே வைக்கலாம். அண்டைவீட்டார் பிரிந்துபோகும் நிலையில், புதிய புளோக்கில் அவரை அடையாளம் தெரிந்த நான்கு பேரையாவது உருவாக்கித் தருவதும் அவசியம்.

மருந்துக்கு முந்திய படிகள்

வடக்கு வட்டாரத்தில் வசதிகளுக்குக் குறைவில்லை. உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகம் அருகில் இருக்கிறது. உட்லண்ட்ஸ் சுகாதார வளாகம் 2023 டிசம்பர் முதல் படிப்படியாகத் திறக்கப்பட்டது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின்கீழ், ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து செல்லும் ஏற்பாடும் உள்ளது. ஆண்டுக்கணக்கில் ஒருவரைப் பார்த்துவரும் மருத்துவருக்கு அவரிடம் ஏற்படும் மாற்றம் எளிதில் புலப்படும். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் உதவித் தொலைபேசி எண் 6377 0700.

பரிசோதனையும் எளிதாகி வருகிறது. அமிலாய்டு இருப்பதை ரத்தத்தின் மூலம் கணிக்க உதவும் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி வழங்கியது. அறிகுறி உள்ள, 55 வயதைத் தாண்டியவர்களுக்கானது அது. அறிகுறி இல்லாதவர்கள் பயத்தால் ஓடிப்போய் எடுக்கவேண்டியதன்று; மூளையில் அமிலாய்டு இருந்தும் இறுதிவரை தெளிவோடு வாழ்ந்து மறைவோர் கணிசமானோர்.

மருந்துக்குத் தகுதி பெறாவிட்டாலும் சீக்கிரம் கண்டறிவதில் பயன் உண்டு. தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் மறதியாகத் தோன்றலாம். அவற்றை முதலில் விலக்கிப் பார்க்க முடியும். அல்சைமராகவே இருந்தாலும், மனத்தெளிவு இருக்கும்போதே தமக்காக முடிவெடுக்க நம்பிக்கையான ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் அவர் கையெழுத்திடலாம். எங்கே வாழ விரும்புகிறார், யாருடைய பராமரிப்பை ஏற்பார் என்பதை அவரே சொல்லலாம். காலம் தாழ்ந்தால் அந்த முடிவுகளைப் பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடி எடுக்க வேண்டிவரும்.

தமிழ் அமைப்புகளுக்கும் கோயில்களுக்கும் இதில் இடமுண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூத்தோரைக் கூட்டிச் சிறப்பிக்கும் நிகழ்ச்சிகளில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுவது பழகிப்போன ஒன்று. அந்த மேசைக்குப் பக்கத்தில் நினைவாற்றல் சோதனைக்கும் ஒரு மேசை போடலாம். ‘பைத்தியம்’, ‘புத்தி பேதலித்துவிட்டது’ போன்ற சொற்களை வீடுகளிலிருந்து அகற்றவும் இத்தகைய கூட்டங்களே நல்ல இடம். அந்தச் சொற்களுக்குப் பயந்துதான் பல குடும்பங்கள் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகின்றன.

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அதற்குள் அமிலாய்டு மருந்துகள் மலிவாகலாம். இன்னும் சிறந்தவை வரலாம். எந்த மருந்து வந்தாலும் அது தொடக்க நிலையில் வருபவருக்கே அதிகம் உதவும். மறதியைக் கவனிக்கும் குடும்பம் இந்த மாதமே மருத்துவரிடம் நேரம் கேட்டுப் பதிவு செய்வதே, அந்த மருந்தை நோக்கி எடுத்துவைக்கக்கூடிய முதல் அடி.